சீனாவோட ஃபூஜியான் மாகாணம் எப்படிப்பட்ட ஊரு, அந்த ஊர்க்காரங்க ஏன் உலகம் பூரா இருக்காங்க?

பினாங்கு, சிங்கப்பூர் பக்கம் ஹொக்கியன் பேசற சீனர்களோட பூர்வீகம் ஃபூஜியான்னு சொல்றாங்களே, அந்த மாகாணம் எப்படி இருக்கும், ஏன் அத்தனை பேர் அங்கேர்ந்து கிளம்பினாங்க, இப்போ அங்க இருக்கறவங்க எதை வச்சு சம்பாதிக்கறாங்கன்னு கேட்டிருந்தீங்க. நிறைய பேர் இதுக்கு "நிலம் இல்ல, அதனால கடலுக்குப் போனாங்க"ன்னு ஒரே வரியில பதில் சொல்லிடுவாங்க. அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, எந்தெந்த காலத்துல எந்த அரசாங்கம் கடலைத் திறந்துவிட்டுச்சு, எது மூடுச்சுங்கறதுல இருக்கு. ஃபூஜியான் வரலாறு முழுக்க இந்த ரெண்டுக்கும் நடுவுல போற இழுபறிதான்னு நான் நினைக்கறேன், அதனால அந்த வழியாவே சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல இடம். சீனாவோட தென்கிழக்கு கரை, வடக்க ஜெஜியாங், மேற்க ஜியாங்ஷி, தெக்க குவாங்டோங், கிழக்க தைவான் ஜலசந்தி. ஜலசந்தியோட ஒடுக்கமான இடத்துல தைவான் சுமார் 130 கிலோமீட்டர்தான். மாகாணத்தோட பரப்பு ஏறக்குறைய 1,24,000 சதுர கிலோமீட்டர், 2020 கணக்கெடுப்புல ஜனத்தொகை 4.15 கோடி. எட்டு பங்கு மலை, ஒரு பங்கு தண்ணி, ஒரு பங்கு வயல்னு அந்த ஊர்க்காரங்களே சொல்லிக்கற கணக்கு ஒண்ணு இருக்கு, அது மிகையில்ல. மேற்கு எல்லை பூரா வூயி மலைத்தொடர், உச்சி 2,150 மீட்டருக்கு மேல. நிலத்துல 65 சதவீதம் காடு, அந்த சதவீதக் கணக்குல பல வருஷமா சீனாவுலயே காடு அதிகம் இருக்கற மாகாணம் இதுதான்.

இதுல கவனிக்க வேண்டியது ஆறுங்க. மின் ஆறு, ஜியூலோங் ஆறு மாதிரி பெரிய ஆறெல்லாம் மாகாணத்துக்குள்ளயே மலையில பொறந்து அங்கயே கடல்ல போய் சேந்துடுது. யாங்சி மாதிரி நாட்டோட நடுவுக்கு படகுல போற வழி எதுவும் இல்ல. அதனால ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனி ஊரு, தனி பேச்சு. தலைநகர் ஃபூஜோவுல பேசறது ஷியாமென்காரங்களுக்கு புரியாது, பூத்தியான்காரங்க பேசறது ரெண்டு பேருக்குமே சரியா புரியாது, மேற்க லோங்யான் பக்கம் போனா ஹக்கா, மலைக்குள்ள நான்பிங் பக்கம் வேற பேச்சு. தெற்குல ஷியாமென், சுவான்ஜோ, ஜாங்ஜோ மூணு ஊர் பேச்சுதான் நம்மாளுங்க ஹொக்கியன்னு சொல்றது, தைவான்ல தைவானீஸ்னு சொல்றதும் அதேதான். பினாங்குல கடை வச்சிருக்கற தமிழர்கள் பலபேர் பேசற ஹொக்கியனும் இந்த மூணு ஊர் பேச்சுலேர்ந்து போய் மலாய் கலந்ததுதான்.

கரை நேர்கோடா இருக்காது, குடைஞ்சு குடைஞ்சு உள்ள போகும், பிரதான நிலத்தோட கரை மட்டும் 3,700 கிலோமீட்டர் சொச்சம், தீவுங்க ஆயிரக்கணக்குல. வயலுக்கு லாயக்கில்லாத ஊரு, ஆனா கப்பல் நிறுத்த இதைவிட நல்ல ஊரு சீனாவுல கம்மி.

இப்போ சுவான்ஜோ. குவாங்ஜோன்னு குழப்பிக்காதீங்க, அது குவாங்டோங்ல இருக்கு. இது அரபு வியாபாரிகள் ஜைத்தூன்னு கூப்பிட்ட துறைமுகம். 1087ல அப்போ சீனாவை ஆண்ட சோங் அரசு இங்க கடல் வியாபாரத்துக்குன்னு தனி சுங்க அலுவலகம் திறந்தது, அதுக்கப்புறம் கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் இது உலகத்தோட பெரிய துறைமுகங்கள்ல ஒண்ணு. அலெக்சாண்டிரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் போனா இங்க நூறு வருதுன்னு மார்கோ போலோ சொன்னாரு. 1974ல ஹோஜு துறைமுகச் சேத்துலேர்ந்து தோண்டியெடுத்த சோங் காலத்துக் கப்பல் ஒண்ணு, அடிப்பகுதி 13 அறையா தடுத்துக் கட்டினது, ஒரு அறையில ஓட்டை விழுந்தாலும் மத்தது மிதக்கும்ங்கற ஏற்பாடு, அதுக்குள்ள இருந்த சரக்கு வாசனைக் கட்டைங்களும் மிளகும். ஊருக்குப் பக்கத்துல லுவோயாங் பாலம், 1053லேர்ந்து 1059 வரைக்கும் கட்டினது, அலையடிக்கற முகத்துவாரத்துல தூண்கள் நிக்கணும்னு அதுமேல சிப்பியை வளரவிட்டு கல்லோட கல்லை ஒட்டவச்சிருக்காங்க. கடலோட பழகின ஜனங்களுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

நமக்கும் இந்த ஊருக்கும் நேரடி தொடர்பு இங்கதான். சக ஆண்டு 1203, அதாவது பொ.ஆ. 1281ல வெட்டின தமிழ்க் கல்வெட்டு ஒண்ணு சுவான்ஜோவுல கிடைச்சிருக்கு. சம்பந்தப் பெருமாள்னு ஒருத்தர், செகசை கானோட உடல் நலத்துக்காக சிவனை எழுந்தருளப் பண்ணினார்னு அதுல இருக்கு, அந்த கான் குப்லாய் கான்தான்னு பொதுவா எடுத்துக்கறாங்க. மங்கோலியப் பேரரசன் பேரைச் சொல்லி சீனாவுல ஒரு சிவன் கோவில், அதை கட்டினது தமிழ் வியாபாரிகள். பிற்காலச் சோழர் பாணியில செதுக்கின கல்லுங்க ஊர் பூரா நூத்துக்கணக்குல கிடைச்சிருக்கு, அதுல ஆனை லிங்கத்துக்கு பூ போடற சிற்பம் ஒண்ணு இருக்கு, திருவானைக்காவல் கதை தெரிஞ்ச யாருக்கும் அதைப் பாத்த உடனே புரிஞ்சிடும். 1009ல ஆரம்பிச்ச சிங்ஜிங் மசூதி, உலகத்துல வேற எங்கயும் மிஞ்சலன்னு சொல்ற, பழைய பாரசீக மதமான மானி மதத்துக் கோவில் ஒண்ணு ஜின்ஜியாங்ல, இதெல்லாமே ஒரே ஊர்ச் சுத்துல. 2021ல யுனெஸ்கோ சுவான்ஜோவை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தது, மொத்தம் 22 இடங்கள்.

அது ஏன் அழிஞ்சது? 1357லேர்ந்து 1366 வரைக்கும் ஊர்ல இருந்த வெளிநாட்டுப் படைங்க கிளர்ச்சி பண்ணி, அதை அடக்கினப்போ வெளிநாட்டவங்க மேல பழி தீத்துக்கிட்டாங்க, கோவில்களும் போச்சு. அடுத்து வந்த மிங் அரசு 1371ல தனியார் கடல் வியாபாரத்துக்கே தடை போட்டுச்சு. அரசாங்கக் கப்பல் மட்டும் போகலாம். மிங் அரசோட தளபதி ஜெங் ஹேயோட கப்பல் படை 1405லேர்ந்து 1433 வரைக்கும் ஏழு தடவை போச்சே, அது ஒவ்வொரு தடவையும் காத்துக்காக ஃபூஜோ பக்கத்துல சாங்லேல நின்னுட்டுதான் கிளம்பும். இலங்கையில காலிங்கற ஊர்ல அவரு நிறுத்தின 1409 தேதியிட்ட கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம்னு மூணு மொழியில இருக்கு, இப்போ கொழும்பு மியூசியத்துல. ஆனா சாதாரண மீனவனும் வியாபாரியும் கப்பல் எடுத்தா அது குற்றம்.

வயலும் இல்ல, கடலும் கூடாதுன்னா ஜனங்க என்ன பண்ணுவாங்க? கடத்தினாங்க. 16ஆம் நூற்றாண்டுல "ஜப்பான் கடற்கொள்ளையர்"னு பேர் வாங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க இந்தக் கரையோர சீனர்கள்தான். கடைசியில அரசாங்கமே இறங்கி வந்து 1567ல ஜாங்ஜோவுக்குப் பக்கத்துல யூவேகாங்னு ஒரு துறைமுகத்தை மட்டும் திறந்துவிட்டுச்சு, உடனே பட்டும் பீங்கானும் மணிலாவுக்குப் போச்சு, அமெரிக்கக் கண்டத்து வெள்ளி உள்ள வந்துச்சு. வெள்ளியை விட ஜனங்களுக்கு உதவினது சக்கரவள்ளிக் கிழங்கு. 1593ல சென் ஜென்லோங்னு ஒரு வியாபாரி பிலிப்பைன்ஸோட லூசோன் தீவுலேர்ந்து கொடியை கொண்டுவந்து ஃபூஜியான்ல நட்டாரு, மலைச்சரிவுல நெல்லு வராத இடத்துலயும் அது வந்துச்சு. அதனால ஜனத்தொகை கூடுச்சு, கூடினதுக்கு நிலம் பத்தல, திரும்ப கடல்.

அடுத்த மூடல் இன்னும் கொடூரம். மிங் வீழ்ந்தப்புறம் நான்ஆன் ஊர்க்காரரான ஜெங் செங்கோங் கடல்ல இருந்தபடியே, அடுத்து வந்த சிங் அரசை எதிர்த்தாரு, அவருக்கு சோறு தண்ணி கிடைக்கக்கூடாதுன்னு 1661ல சிங் அரசு கரையோர ஜனங்களையே வீட்டை விட்டு உள்நாட்டுக்குத் துரத்தி ஊர்களை எரிச்சுச்சு. அவரு 1662ல டச்சுக்காரங்களைத் தோக்கடிச்சு தைவானைப் பிடிச்சாரு. 1683ல தைவான் சிங் கைக்கு வந்து, அடுத்த வருஷம் தடை எடுத்தாங்க, அப்போலேர்ந்து சுவான்ஜோ, ஜாங்ஜோ ஜனங்க அலை அலையா ஜலசந்தி தாண்டிப் போனாங்க. இன்னைக்கு தைவான் ஜனங்கள்ல பெரும்பாலானவங்களோட மூதாதையர் இந்த ரெண்டு ஊருதான். போனவங்க கூடவே மாசுவையும் எடுத்துட்டுப் போனாங்க. மாசு பூத்தியான் பக்கத்துல மெய்ஜோ தீவுல 960ல பொறந்த லின் குடும்பத்துப் பொண்ணுன்னு சொல்ற கடல் தெய்வம், ஹொக்கியன்காரங்க போன துறைமுகத்துல எல்லாம் அவளுக்குக் கோவில் இருக்கும், சிங்கப்பூர் தெலோக் ஆயர்ல இருக்கற தியான் ஹோக் கெங் கோவில் அவளுக்குக் கட்டினதுதான்.

1842 நான்ஜிங் ஒப்பந்தத்துல பிரிட்டிஷ்காரங்க திறக்கவச்ச அஞ்சு துறைமுகத்துல ரெண்டு இந்த மாகாணத்துல, ஃபூஜோவும் ஷியாமெனும். ஃபூஜோவுலேர்ந்து தேயிலை கிளம்பும், 1866ல லண்டனுக்கு யார் மொதல்ல தேயிலையை கொண்டுபோறதுன்னு பாய்மரக் கப்பல்கள் போட்டி போட்டது இங்கேர்ந்துதான். ஷியாமென்லேர்ந்து மனுஷங்க கிளம்புவாங்க. மலாயா, சுமத்ரா, ஜாவா, பிலிப்பைன்ஸ். கூலிக்குப் போனவன் கொஞ்சம் காசு சேத்து கடை போடுவான், கடை நின்னதும் தம்பியை, மச்சானை, அதே ஊர்க்காரனை வரவழைப்பான். ஒரே குடும்பப்பேர், ஒரே கிராமம்னு சேந்து கொங்சின்னு ஒரு சங்கம் கட்டிப்பாங்க, பினாங்குல கூ கொங்சி பாத்திருப்பீங்க. ஊருக்கு அனுப்பற காசும் கடிதமும் சேந்தே போகும், அந்தக் கடிதங்களை 2013ல யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டுல சேத்திருக்காங்க, அதுல ஒரு குடும்பம் என்ன சாப்பிட்டுச்சு, யாருக்கு கடன், எந்தப் பையனை பள்ளிக்கூடம் அனுப்பறது எல்லாம் இருக்கும்.

இந்தக் காசு என்ன பண்ணுச்சுங்கறதுக்கு டான் கா கீயைச் சொல்லணும். 1874ல ஷியாமென் பக்கத்துல ஜிமெய்ல பொறந்து, 16 வயசுல சிங்கப்பூர் போய், அன்னாசி டின், ரப்பர்னு பெரிய பணக்காரர் ஆனவரு. 1921ல ஷியாமென் பல்கலைக்கழகத்தை தன் காசுல ஆரம்பிச்சாரு, பொருளாதார மந்தத்துல கம்பெனி தடுமாறினப்பவும் பல்கலைக்கழகத்துக்கு காசு கொடுக்கறதை விடல, 1934ல கம்பெனியையே மூட வேண்டியதாச்சு, பல்கலைக்கழகம் மட்டும் நின்னுச்சு. புலம்பெயர்ந்தவங்க ஊருக்கு செஞ்சதுல இதைவிட பெரிய காரியம் எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல.

கிளம்பறது எல்லாருக்கும் நல்லபடியா முடியல, அதையும் சொல்லாம விடக்கூடாது. 1980கள், 90கள்ல ஃபூஜோ பக்கத்து சாங்லே, ஃபூச்சிங், லியான்ஜியாங் கிராமங்கள்லேர்ந்து ஏஜென்டுக்கு பெரிய தொகை கடன் எழுதிக்கொடுத்துட்டு நியூயார்க்குக்கும் ஐரோப்பாவுக்கும் திருட்டுத்தனமா போனாங்க. 1993ல கோல்டன் வென்ச்சர் கப்பல் நியூயார்க் கரையில தட்டி நின்னப்போ உள்ள 286 பேர், பெரும்பாலும் ஃபூஜியான்காரங்க, தண்ணியில குதிச்சு 10 பேர் செத்தாங்க. 2000ல இங்கிலாந்து டோவர்ல ஒரு லாரிக்குள்ள மூச்சு முட்டி 58 பேர். 2004ல இங்கிலாந்துலயே மோர்காம்பே குடாவுல சிப்பி பொறுக்கப் போனவங்க அலையில சிக்கி குறைஞ்சது 21 பேர். ஊர்ல நாலு மாடி வீடு எழும்புறதைப் பாத்துட்டு அடுத்த வீட்டுப் பையன் கிளம்பறான், ஏஜென்டு கடனை அடைக்கவே வருஷக்கணக்கா ஹோட்டல் சமையல்கட்டுல நிக்கணும், அந்த கஷ்டம் ஊருக்குத் தெரியறதில்ல.

1949ல கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடிச்சு, தோத்த அரசாங்கம் தைவானுக்குப் போனதுக்கு அப்புறம் மறுபடியும் கடல் மூடுச்சு. ஷியாமென்லேர்ந்து பத்து கிலோமீட்டர் கூட இல்லாத கின்மென் தீவு தைவான் அரசாங்கத்துக்கிட்டயே நின்னுடுச்சு. 1958 ஆகஸ்ட் 23லேர்ந்து 44 நாள்ல நாலரை லட்சத்துக்கு மேல குண்டு அந்தச் சின்னத் தீவு மேல விழுந்துச்சு, அதுக்கப்புறமும் ஒருநாள் விட்டு ஒருநாள் சுடறது 1979 ஜனவரி 1 வரைக்கும் நடந்துச்சு. போர்முனைங்கறதால பெய்ஜிங் இங்க பெரிய ஃபேக்டரி அதிகம் போட விரும்பல, ஷியாமெனுக்கு ரயில் வந்ததே 1957லதான். மத்த மாகாணங்கள்ல அரசாங்க ஸ்டீல் ஆலை, மோட்டார் ஆலைன்னு வந்தப்போ இவங்களுக்கு கம்மியாத்தான் வந்துச்சு.

அதுதான் பின்னாடி இவங்களுக்கு வசதியா போச்சுன்னு நான் நினைக்கறேன். 1980ல ஷியாமென் முதல் நாலு சிறப்புப் பொருளாதார மண்டலத்துல ஒண்ணாச்சு, ஆனா நிஜமான வேகம் வந்தது ஜின்ஜியாங் மாதிரி இடத்துல. அங்க வெளிநாட்டுச் சொந்தக்காரங்க அனுப்பின காசு சும்மா இருந்துச்சு, அவங்க கட்டிவச்ச வீடு காலியா இருந்துச்சு, வேலையில்லாத ஆளுங்க இருந்தாங்க. மூணையும் சேத்து வீட்டு முன்கட்டுலயே தையல் மெஷின் போட்டு செருப்பு, சட்டைன்னு ஆரம்பிச்சாங்க. தொடக்கத்துல தரம் மோசம், 1985ல ஜின்ஜியாங் போலி மருந்து விவகாரம் நாடு பூரா நாறுச்சு. அதுக்கப்புறம் வெளிநாட்டு பிராண்டுகளுக்கு ஷூ தெச்சுக் கொடுத்தே தொழில் கத்துக்கிட்டு சொந்த பிராண்டு போட்டாங்க, ஆன்டா, எக்ஸ்டெப், 361 டிகிரி எல்லாம் இங்கேர்ந்து வந்ததுதான். ஆன்டா 2009ல ஃபிலாவோட சீன வியாபாரத்தை வாங்கி, 2019ல வில்சன், சாலமன் பிராண்டுகள் வச்சிருக்கற ஆமர் ஸ்போர்ட்ஸை கூட்டாளிகளோட சேந்து வாங்கிடுச்சு. ஷூ தொழிலோட மையம் ஜின்ஜியாங்ல சென்டாய்னு ஒரு ஊரு, அந்த ஊர் டிங் குலத்துக்காரங்க ஜைத்தூன் காலத்து முஸ்லிம் வியாபாரிகளோட வாரிசுன்னு வம்சாவளி ஏடு வச்சிருக்காங்க, இந்த பிராண்டுகளோட முதலாளிகளுக்கும் டிங்தான் குடும்பப்பேர்.

காசு எங்கேர்ந்து புரட்டினாங்கன்னா பேங்க் இல்ல, சீட்டு. நம்ம ஏலச்சீட்டு மாதிரியே, தெரிஞ்சவங்க சேந்து மாசாமாசம் போட்டு ஏலம் எடுக்கறது. அது உடைஞ்சா ஊரே மாட்டிக்கும். 1990களோட தொடக்கத்துல மலைக்குள்ள ஷாஷியான்ல சீட்டுங்க மொத்தமா கவுந்துச்சு, கடன்காரங்களுக்கு பயந்து ஜனங்க ராத்திரியோட ராத்திரியா வேற ஊருக்கு ஓடி, பொழைக்க வழியில்லாம தெருவுல நூடுல்ஸும் கொழுக்கட்டையும் வித்தாங்க. இன்னைக்கு சீனாவுல எந்த ஊருக்குப் போனாலும் ஷாஷியான் சாப்பாட்டுக் கடை இருக்கும், பல்லாயிரக்கணக்குல, மலிவா, சூடா.

இப்போ பொருளாதாரத்தோட முகம் வடகிழக்குல நிங்டே. ரொம்ப நாளா கரையோரத்துலயே ஏழை ஊர்னு பேர் வாங்கினது, கடல்ல கூண்டு கட்டி மஞ்சள் குரோக்கர் மீன் வளக்கறதுதான் தொழில். அந்த ஊர்ல பொறந்த ஜெங் யூச்சுன் 2011ல சொந்த ஊருக்கே வந்து பேட்டரி கம்பெனி ஆரம்பிச்சாரு, அதுதான் சிஏடிஎல். 2017லேர்ந்து எலக்ட்ரிக் கார் பேட்டரி தயாரிப்புல உலகத்துலயே முதல் இடம், உலகத்துல ஓடற எலக்ட்ரிக் கார்கள்ல மூணுல ஒண்ணுக்கு இவங்க பேட்டரிதான். ஃபூச்சிங்ல ஃபூயாவோ, கார் கண்ணாடி, அமெரிக்காவுல ஒஹையோவுல ஜெனரல் மோட்டார்ஸ் மூடிட்டுப் போன ஆலையில கண்ணாடி பண்றாங்க. நான்ஆன்ல ஷுய்தோவ்னு ஒரு ஊரு பூரா கல்லு அறுக்கற தொழில், ஆந்திராவுல சீமகுர்த்தி கருப்பு கிரானைட் உட்பட நம்ம தெற்கத்தி கல்லு நிறைய ஷியாமென் துறைமுகத்துல இறங்கி இங்க அறுபட்டு பளபளப்பாகி மறுபடி உலகத்துக்குப் போகுது. தேயிலையில வூயி மலை, ஆன்ஷி, ஃபூடிங், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வகைக்குப் பேர் போனது. 2023ல மாகாணத்தோட மொத்த உற்பத்தி 5.4 லட்சம் கோடி யுவான் பக்கம், தலைக்கு பாத்தா சீனாவுல முன்வரிசை.

ஆனா இந்தப் பணமெல்லாம் கரையில. உள்ள நான்பிங், சான்மிங் பக்கம் மூங்கில், காளான், தாமரை விதைன்னு வருமானம் கம்மி, வயசுப் பசங்க எல்லாம் ஷியாமெனுக்கோ ஷென்ஜெனுக்கோ போயாச்சு. லோங்யான்ல சிஜின் மைனிங்னு தங்கம், செம்பு சுரங்கக் கம்பெனி பெருசா வளந்து செர்பியா, காங்கோ வரைக்கும் போயிருக்கு, அதே கம்பெனியோட சுரங்கத்துலேர்ந்து 2010ல அமிலத் தண்ணி டிங் ஆத்துல கசிஞ்சு மீனெல்லாம் செத்து மிதந்துச்சு, ஆத்தை நம்பி இருந்த மீன் வளக்கறவங்களுக்குத்தான் அந்த அடி. வளர்ச்சின்னு பேசறவங்க இந்தக் கணக்கையும் சேத்துதான் பேசணும்.

தைவான் விஷயத்துல ரெண்டு பக்கமும் இருக்கறது சொந்தக்காரங்க. 2001லேர்ந்து ஷியாமென், கின்மென் நடுவுல படகு ஓட ஆரம்பிச்சுது, 2018லேர்ந்து ஜின்ஜியாங் தண்ணி கடலுக்கடியில குழாய் வழியா கின்மென் போகுது. அதே நேரத்துல சீனாவோட மூணாவது விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஃபூஜியான்னுதான் பேர் வச்சிருக்காங்க. இந்த ஜலசந்தியில ஒரு சண்டை வந்தா மொதல்ல அடி வாங்கப்போறது இந்தக் கரைதான்.

நேர்ல போறதா இருந்தா, ஜூலைலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தவிர்த்துடுங்க, சூறாவளி காலம், 2023 ஜூலையில டோக்சூரி நேரா ஜின்ஜியாங்லதான் கரையேறுச்சு. ஷியாமென்ல இறங்கினா சுவான்ஜோ அதிவேக ரயில்ல அரை மணி நேரம்தான். அங்க காய்யுவான் பௌத்த கோவில்ல பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கம் போங்க, இடிஞ்ச இந்துக் கோவில்லேர்ந்து எடுத்து வச்ச ரெண்டு தூண்ல கண்ணனும் நரசிம்மரும் இருக்காங்க, நிறைய பேர் முன்பக்கம் மட்டும் பாத்துட்டு கிளம்பிடறாங்க. மத்த சிற்பங்கள் கடல்சார் மியூசியத்துல இருக்கு. மேற்க ஹக்கா ஜனங்களோட மண்ணு வட்ட வீடு பாக்கணும்னா யோங்டிங் இல்லன்னா நான்ஜிங் மாவட்டம் (ஒப்பந்தம் போட்ட நான்ஜிங் நகரம் இல்ல, இது ஃபூஜியான்லயே இருக்கறது), கூட ஒருநாள் தங்கற மாதிரி போங்க.